தாராளமா செல்ஃப் போடு, கண்ணு

புல்லட்டுக்கு செல்ஃப் போடப் போறயாமா. உன்ற அம்மா போன்ல சொன்னா. சொன்னவ, "அப்பா, நீங்களே அவனுக்கு நல்லது கெட்டதை எடுத்துச் சொல்லுங்க"ன்னு வேற கேட்டுக்கிட்டா. நல்லதைச் சொல்றதுக்கு வாத்தியாருங்க இருக்கறாங்க. கெட்டதைச் சொல்றதுக்குத்தான் அப்பிச்சி. அதனால சொல்றேன், கேட்டுக்க: போடு சாமி. தாராளமாப் போடு.

ஆபீசுக்குப் போற அவசரத்துல கிக்கரை மிதிச்சுக்கிட்டு நிக்க முடியலைங்கறயாமா. நாயம்தான். சரவணம்பட்டி கம்பெனிக்குள்ள நீ ஒம்போது மணிக்கு நுழையோணும். நீ எட்டேமுக்காலுக்கு எந்திரிக்கறதை நான் கண்ணால பாத்திருக்கறேன். செல்ஃபை வண்டிக்குப் போடறதா, இல்ல உன்ற மகனுக்கே போடறதான்னு உன்ற அம்மாவைக் கேட்டேன். போனை வெச்சுட்டா.

உன்ற அப்பாரு வண்டி அது. என்ற சம்மந்தி. கல்யாணப் பேச்சு நடந்த காலத்துல இருந்து எனக்கு அந்த வண்டியத் தெரியும். "நம்ம வண்டி ஒரே கிக்குல கெளம்புமுங்க சம்மந்தி"ன்னு வார்த்தைக்கு வார்த்தை சொல்லுவாரு. பொய்யில்ல. ஒரே கிக்குதான். ஆனா அந்த ஒரு கிக்கையும் அவரு மிதிச்சு நான் பாத்ததில்ல. பண்ணையத்துல இருந்த ஒரு பையன் ஓடி வருவான், மிதிப்பான், வண்டி டப டபன்னு நிக்கும். அப்பறந்தான் சம்மந்தி வேட்டிய ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏறுவாரு. நம்ம ஜில்லாவுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டை மொத மொதக் கொண்டாந்தது உன்ற அப்பாருதான், எந்தக் கம்பெனியும் இல்ல. பேட்டரி செலவு கூடக் கெடையாது, ரெண்டு வேளை பழைய சோறுதான். அந்தப் பையன் இப்பத் திருப்பூர்ல பனியன் கம்பெனி முதலாளி, கார்லதான் வர்றான், போறான். உன்ற அப்பாருக்கு முட்டி தேஞ்சு போச்சு. வண்டி உன்ற கைக்கு வந்திருச்சு. கிக்கரை மிதிக்காம இருக்கறது உங்க குடும்பத்துல பரம்பரை வழக்கம் கண்ணு, நீ புதுசா ஒண்ணும் பண்ணிப்போடல.

வண்டியோட கதை உனக்குத் தெரியாது. யூடியூப்புல சத்தத்தை மட்டும் கேட்டிருப்ப. இங்கிலாந்துல ரெட்டிச்சுங்கற ஊருல என்ஃபீல்டுக்காரங்க 1932-லயே புல்லட்டுங்கற பேரை வெச்சுட்டாங்க. எல்லையில ரோந்து போறதுக்கு 800 வண்டி வேணும்னு நம்ம பட்டாளம் கேட்டதுல இருந்துதான் அது இங்க பழக்கமாச்சு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்க அவங்களோட கூட்டுச் சேந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல ஃபாக்டரி. ரெட்டிச்சு ஃபாக்டரியை 1967-ல இழுத்து மூடிட்டாங்க, திருவொற்றியூர்ல மட்டும் அதே எஞ்சினை வார்த்துக்கிட்டே இருந்தாங்க. 1977-ல வெள்ளைக்காரன் ஊருக்கே ஏத்துமதி பண்ணுனாங்க. எவன்கிட்ட வாங்குனமோ அவனுக்கே திருப்பி விக்கற வியாபாரத்தை ஈரோட்டு மஞ்ச மண்டியில கூட நான் பாத்ததில்ல.

அத்தனை வருசமும் அதைக் காலால மிதிச்சுத்தான் கெளப்புனாங்க. போலீஸ்காரர் மிதிச்சாரு, பால்காரர் மிதிச்சாரு, வட்டி வசூலுக்குப் போறவங்க மிதிச்சாங்க. (வசூல்காரங்களுக்கு அந்தச் சத்தம் ஒரு இடைஞ்சல். மூணு தெரு தள்ளி வர்றப்பவே கடன்காரன் பொறவாசல் வழியாப் போயிருவான்.) அத்தனை பேரு மிதிச்சதுல ஒருத்தருக்கும் கால் ஒடையலையான்னு கேட்ப. ஒடஞ்சிருக்குது. மிதிக்கத் தெரியாம மிதிச்சா ரிட்டன் அடிக்கும். கணுக்கால்ல இருந்து முட்டி வரைக்கும் எங்க வேணும்னாலும் வாங்கிக்கலாம், அது உன்ற யோகத்தைப் பொறுத்தது.

மிதிக்கறதுக்குப் பலம் வேணும்னு உனக்குச் சொன்னது யாரு? ஹெட்லைட்டுக்கு மேல, ஸ்பீடாமீட்டருக்குக் கீழ, சின்னதா ஒரு கண்ணாடி வட்டம் இருக்குது பாரு. அதை அலங்காரத்துக்கு வெச்சதுன்னு நெனச்சிருப்ப. அது ஆம்பியர் மீட்டர். சாவியப் போடு. கிக்கர் மேல காலை வெச்சு, மிதிக்காம, மெதுவா அமுக்கு. முள்ளு எடது பக்கம் சாயும், அப்பறம் நடுவுக்கு வரும். சாஞ்சா பாயிண்ட் ஒட்டியிருக்குது, காயிலுக்குக் கரண்ட் போவுது. நடுவுக்கு வந்தா பாயிண்ட் வெலகிருச்சு. இப்படியே அமுக்கிக்கிட்டு வா. ஒரு எடத்துல கிக்கரு கெட்டியா நின்னுக்கும், முள்ளும் நடுவுல நிக்கும். உள்ள பிஸ்டன் மேல வந்து காத்தை அமுக்கிப் பிடிச்சுட்டிருக்குது. அந்த எடத்துல அதுகூட மல்லுக்கு நிக்கறவன் தோப்பான், நீ தெனமும் காலையில தோக்கறது அங்கதான். எடது கைப்பிடிக்கிட்ட குட்டி லீவரு ஒண்ணு இருக்குதல்ல, டீகம்ப்ரசர், அதை இழு. புஸ்ஸுன்னு காத்து போவும். போறப்பவே கிக்கரை ரெண்டு விரக்கடை கீழ எறக்கு. லீவரை விட்டுரு. கிக்கரை மேல வர விடு. இப்ப மிதி. ஆக்ஸிலேட்டரைத் திருகாத. காலு அடி வரைக்கும் போவோணும், பாதியில பயந்து எடுத்துப்போடாத, அங்கதான் ரிட்டன் காத்துக்கிட்டிருக்குது.

இதுல பலம் எங்க இருக்குது? பிஸ்டன் அமுக்கத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயாச்சு. அடுத்த அமுக்கம் வர்ற வரைக்கும் உள்ள இருக்கற கனத்த ஃப்ளைவீல் தடையில்லாம உருண்டு வேகம் எடுத்துக்கும், அப்பறம் அதுவே பிஸ்டனைத் தூக்கி மேல தள்ளிரும். உன்ற வேலை உருட்டிவிடறது மட்டுந்தான். உன்ற அம்மிச்சி நாப்பத்தஞ்சு கிலோ கூடத் தேற மாட்டா. குண்டத்து நோம்பிக்கு வந்த எடத்துல, கோயில் மைதானத்துல, நான் சொல்லச் சொல்ல செருப்புக்காலோட மிதிச்சுக் கெளப்பிக் காட்டுனா. அன்னைக்கிருந்து உன்ற அப்பாரு அவளைக் கண்டா தூக்கிப் பிடிச்ச வேட்டிய எறக்கி விட்டுக்குவாரு.

நீ என்ன பண்றயாமா? காதுல அந்த வெள்ளைக் குமிழைச் சொருகிக்கிட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கிட்டு, எந்திரிச்சு எந்திரிச்சுக் குதிக்கற. பெட்ரோல் ரொம்பி பிளக்கு நனஞ்சு போவுது. அப்பறம் கால் டாக்சி. சாயங்காலம் வந்து, "இந்த எஞ்சினே அவுட்டேட்டட்"டுன்னு வீட்டுல சொல்றயாமா. அவ்வளவு பழசா இருக்கற எஞ்சின் உன்னைய மட்டும் வேலைக்குப் போகாம நிறுத்துற அளவுக்கு வெவரமா இருக்குது பாரு.

முறையா மிதிச்சும் கெளம்பலைன்னா, தப்பு காலுலயும் இல்ல, கிக்கர்லயும் இல்ல. சி.பி. பாயிண்ட்டைக் கழட்டிப் பாத்தயா? ரெண்டு சின்னப் பொட்டு. வெலகி நிக்கறப்ப அதுக நடுவுல இருக்க வேண்டிய சந்து 0.35-ல இருந்து 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத எடத்துல மெக்கானிக்குங்க விசிட்டிங் கார்டைச் சொருகிப் பாப்பாங்க, கிட்டத்தட்ட அதே கனந்தான். டிசைனு டிசைனா அடிச்சு வெச்சிருக்கறயே, உன்ற கார்டுக்கு இப்பத்தான் ஒரு உபயோகம் வந்திருக்குது. பொட்டு கருகியிருந்தா உப்புத்தாளைச் சொருகி ஒரு இழுப்பு. தேச்சும் தேச்சும் கருகுனா கண்டன்சரைப் பாக்கோணும். டைமிங் முந்திப் போயிருந்தா நெருப்பு முன்னாடியே அடிச்சுரும், மேல வர்ற பிஸ்டனைப் பாதி வழியிலயே திருப்பிக் கீழ தள்ளும். ரிட்டன்ங்கறது அதுதான்.

இதை எதுக்கு இத்தனை நீட்டறேன்னா, நீ செல்ஃபு போட்டாலும் இதே ரிட்டன் அங்கயும் வரும். செல்ஃபு மோட்டாருக்கும் கிராங்குக்கும் நடுவுல ஸ்ப்ராக் கிளட்ச்சுன்னு ஒண்ணு இருக்குது. ஒன்வே. மோட்டார் சுத்துனா கிராங்கைப் பிடிச்சுக்கும், எஞ்சின் கெளம்பி மோட்டாரை முந்திக்கிட்டா விட்டுரும். எஞ்சின் ரிட்டன் அடிச்சா மட்டும் பிடிச்ச பிடியை விடத் தெரியாது. மோட்டார் முன்னுக்குத் திருகும், கிராங்கு பின்னுக்குத் திருகும், ரெண்டுக்கும் நடுவுல சிக்குன ஸ்ப்ராக்கு போயிரும். இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கற பல்லு போயிரும். காலு ஒடஞ்சா புத்தூர்க்கட்டுப் போட்டா ஒரு நாளைக்குக் கூடிக்கும். ஸ்ப்ராக்கு கூடாது சாமி, புதுசுதான் வாங்கோணும். டைமிங் பாக்காம செல்ஃப் போடறது, பல்லு வலிக்குதுன்னு நகைக்கடைக்குப் போயி மோதிரம் வாங்குன மாதிரி.

செலவுக்கு வருவோம். "ஒரு மோட்டாரை மாட்டி ரெண்டு ஒயரு குடுத்தாப் போதுங்க தம்பி"ன்னு பட்டறைக்காரர் சொன்னாராமா. அந்த ரெண்டு ஒயரை நம்பிக் கெட்ட குடும்பங்க நம்ம பக்கம் நெறையா, போர்வெல் காலத்துல இருந்தே. எடது பக்கம் பிரைமரி செயின் ஓடற கவருக்குள்ள செல்ஃபு பல்லுக்குன்னு கம்பெனிக்காரங்க எடமே வெக்கல. செல்ஃபோட வந்த பின்னாடி மாடல்ல இருந்து கவரு, பல்சக்கரம், ஸ்ப்ராக்கு, மோட்டாருன்னு எடுத்தாந்து சேக்கோணும். சேராத எடத்தை லேத்துல குடுத்துச் சேர வெக்கோணும். கணபதிப் பக்கம் லேத்துக்கா பஞ்சம், எதைக் குடுத்தாலும் கடைஞ்சு குடுத்துருவாங்க. கடைஞ்சது கூடி ஓடோணும், அதுதான் பாடு.

சில கில்லாடிங்க கிராங்க் கேஸையே மாத்திப்போடுவாங்க. எஞ்சின் நம்பரு குத்தியிருக்கறது அதுலதான். கேஸை மாத்திட்டா ஆர்.சி. புக்குக்கும் வண்டிக்கும் பேச்சு வார்த்தை அத்துப் போயிரும். 1988-ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ஆம் பிரிவு அதுக்குன்னே இருக்குது. கம்பெனிக்காரன் குடுத்த வெவரத்துக்கும் ஆர்.சி.யில இருக்கறதுக்கும் மாறுபாடு வர்ற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. பீளமேட்டு சிக்னல்ல நிறுத்தி நம்பரைப் பாத்தாங்கன்னா, நீ பட்டனைத் தொட்டு வண்டியக் கெளப்பறதுக்கு அவசியமே வராது. அவங்களே தூக்கி லாரியில ஏத்திக்குவாங்க.

பேட்டரி இருக்குது இன்னும். உன்றது 6 வோல்ட் வண்டி. அதை 12 ஆக்கோணும். காயிலு, ஹாரனு, பல்பு, ரெக்டிஃபயர் எல்லாம் புதுசு. பின்னால வந்த 12 வோல்ட் கிக்கர் வண்டிக்கே அஞ்சு ஆம்பியர் சொச்சம் பேட்டரி போதும், செல்ஃபு மாடலுக்கு 14 ஆம்பியர் வெச்சாங்க. பட்டனைத் தொட்ட அந்த ஒரு நொடிக்கு நூறு ஆம்பியரை எட்டிப் பிடிக்கற இழுப்பு இழுக்கும், அதனால பென்சில் கனத்துல கேபிளும் வேணும். பேட்டரி பெருசானாப் பழைய பொட்டியில நுழையாது, பொட்டியும் புதுசு. அத்தனையும் வாங்கி மாட்டுன பொறகு, அதுல எறங்குன கரண்ட்டைத் திருப்பி ஏத்தறதுக்கு எஞ்சின்ல தெம்பு வேணுமே. பழைய காயிலு பல்பு எரியறதுக்கு அளவாச் சுத்துன காயிலு. நீ வீட்டுல இருந்து டீக்கடை, டீக்கடையில இருந்து ஆபீசுன்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பட்டனை அமுக்குனா, செவ்வாக்கெழமை பேட்டரி படுத்துக்கும்.

இதெல்லாம் கெழவன் சாபம்னு நெனைக்காத. அமெரிக்காவுல இண்டியன்னு ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனி 1914-லயே ஹெண்டி ஸ்பெஷல்னு செல்ஃபு வெச்ச வண்டி விட்டுது. ரெண்டு பேட்டரி, பெரிய மோட்டாரு, விளம்பரமெல்லாம் தடபுடல். எறங்குன கரண்ட்டு ஏறல. அதோட நிறுத்திப்போட்டாங்க. காருல கெட்டரிங்குங்கறவரு 1912 காடிலாக்குலயே செஞ்சு காமிச்சிருந்தாரு, ஆனா கார்ல கனத்தைச் சொமக்க எடமிருந்துச்சு. ஹார்லிக்காரங்க தங்களோட பெரிய வண்டிக்கு 1965-லதான் செல்ஃபு போட்டாங்க. போட்ட குசியில வண்டிப் பேரையே எலக்ட்ரா கிளைடுன்னு மாத்திக்கிட்டாங்க. அம்பது வருசம் அவங்க தலையைப் பிச்சுக்கிட்ட சமாச்சாரத்தை உன்ற பட்டறைக்காரர் வெள்ளிக்கெழமை குடுத்தா ஞாயித்துக்கெழமை தாறேன்னு சொல்லியிருக்கறாரு.

ராஜஸ்தான்ல பாலிப் பக்கம் ஒரு புல்லட்டுக்குக் கோயிலே இருக்குது, கேள்விப்பட்டிருப்ப. ஓட்டுனவரு விபத்துல போயிட்டாரு, போலீஸ்காரங்க வண்டிய ஸ்டேஷனுக்குக் கொண்டு போனாங்க, காலையில பாத்தா வண்டி விபத்து நடந்த எடத்துலயே நின்னுதாமா. பெட்ரோலை வடிச்சு விட்டும் போயிருச்சாமா. நம்பறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம். ஆனா அந்தக் கதைய நம்பறவங்க கூட அதுக்கு செல்ஃபு இருந்துச்சுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

செல்ஃபுதான் வேணும்னா அதுக்குன்னு பொறந்த வண்டிங்க இருக்குது. 2009 வாக்குல எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள வந்த புது எஞ்சின் வந்துது. வார்க்கறப்பவே செல்ஃபை மனசுல வெச்சு வார்த்தது. 2023-ல வந்த புல்லட்டுல கிக்கரே கெடையாது, உனக்கும் அப்பாருக்கும் அளவெடுத்துத் தைச்சிருக்கறாங்க. கியரும் எடது பக்கம், பிரேக்கு வலது பக்கம். உன்ற பழசுல தலைகீழ். நீ இன்னும் பிரேக்குன்னு நெனச்சு கியரை மிதிச்சுக்கிட்டு இருக்கறது எனக்குத் தெரியும், எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் செவுரும் சொல்லுது. செல்ஃபுக்கு அடுத்து அதையும் மாத்தோணும்ப. அப்பறம் டிஸ்க் பிரேக்கு. கடைசியில பழசுல மிஞ்சறது டேங்கும் அது மேல ஓடற தங்கக் கோடுந்தான். அதுவும் ஃபாக்டரியில கையால இழுத்த கோடு, அது மேல ஸ்டிக்கர் ஒட்டறேன்னு கெளம்பீராத.

அதனால நீ புதுசு ஒண்ணு வாங்கிக்க. பழசை எங்கயாவது தாட்டி விட்டுரலாம். எனக்கு இதுல உள்நோக்கம் எதுவும் இல்ல, கண்ணு. சம்மந்தி வண்டி என்ற வாசல்ல நின்னா எப்படியிருக்கும்னு நான் ஒரு நாளும் நெனச்சுப் பாத்ததில்ல. போன மாசம் தகரக் கொட்டாய் போட்டது மழைக்காகத்தான். ஒரு வண்டி நிக்கற அளவுல போட்டது தகரம் அந்த அளவுலதான் கெடைச்சுதுங்கறதுனால.

வேடிக்கை ஒரு பக்கம் கெடக்கட்டும். முட்டி தேஞ்சவங்க, இடுப்புல ஆபரேசன் பண்ணுனவங்க, ஒரு கால் சரியில்லாதவங்க செல்ஃபு போட்டுக்கறதுல ஒரு கேவலமும் இல்ல. அவங்களுக்கு அது வண்டியோட இருக்கறதுக்கும் வண்டிய வித்துப்போடறதுக்கும் உள்ள வித்தியாசம். உன்ற அப்பாரு திரும்ப ஓட்டறதுக்குன்னு போடறேன்னா சொல்லு, பாதிப் பணம் நான் தாறேன். ஒரு நாளாவது அவரே கெளப்பி நான் பாக்கோணுமல்லோ. என்ற முட்டியும் ஒண்ணும் தங்கத்துல செஞ்சதில்ல. நான் தோட்டத்துக்குப் போயிட்டு வர்றது டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஹண்ட்ரடுல, பட்டனைத் தொட்டாக் கெளம்பும். ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயித்தான் தொடுவேன். இதை உன்ற அம்மிச்சிகிட்டச் சொல்லிப்போடாத.

போட்டே தீருவேன்னா வரிசை மாத்தாமப் போடு. மொதல்ல பாயிண்ட்டு, கண்டன்சரு, டைமிங்கு, கார்பரேட்டரு. ரெண்டாவது, ஒரு மாசம் கிக்கர்லயே ஓட்டு. அப்பவும் கை பட்டனைத் தேடுனா கரண்ட்டு வேலைய முழுசா முடிச்சு, ஏத்தற கரண்ட்டு எறங்கற கரண்ட்டை மிஞ்சுதான்னு மீட்டரை வெச்சுப் பாரு. மோட்டாரும் ஸ்ப்ராக்கும் அதுக்கு அப்பறம். கிராங்க் கேஸ் மேல கையே வெக்க விடாத. கிக்கரை மட்டும் கழட்டவே கழட்டாத. பட்டறைக்காரர் "இனி எதுக்குங்க தம்பி அது"ம்பாரு. கழட்டுன கிக்கரு எந்தச் சந்தையில போயி நிக்கும்னு அவருக்குத் தெரியும்.

வர்ற ஞாயித்துக்கெழமை வண்டிய எடுத்துக்கிட்டு கோபிக்கு வா. ஃபீலர் கேஜ் என்றகிட்ட இருக்குது, இருந்தாலும் கார்டு ரெண்டு கொண்டா. உப்புத்தாளு நான் வாங்கி வெக்கறேன், அம்மிச்சி நாட்டுக்கோழி சொல்லி வெச்சிருக்கறா. பாயிண்ட்டு, டைமிங்கு ரெண்டையும் நானே பாத்துடறேன், கூலி வேண்டாம். டேங்கு ரொப்பிக்கிட்டு, ஆர்.சி. புக்கையும் கையோட எடுத்துக்கிட்டு வா. திரும்பிப் போறதுக்கு பஸ்ஸுக்கு நான் காசு தாறேன்.